அடுத்த கட்சியின் வாக்குச்சீட்டு

2012 பிப்ரவரி இறுதியில் மிச்சிகன் மாநிலத்து ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலருடைய வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தால் பதிவு செய்யப்பட்ட ஒரு குரல். செவ்வாய்க்கிழமை நடக்கும் குடியரசுக் கட்சி பிரைமரியில், அதாவது அதன் வேட்பாளர் தேர்வுத் தேர்தலில், நீங்களும் வாக்களிக்கலாம் என்று அது நினைவூட்டியது. வால் ஸ்ட்ரீட்டைக் காப்பாற்ற அரசுப் பணம் தரலாம் என்ற மிட் ராம்னி, மோட்டார் ஆலைகளைக் காப்பாற்ற மட்டும் கூடாது என்றார். இது மிச்சிகன் தொழிலாளியின் கன்னத்தில் விழுந்த அறை. ராம்னிக்குப் பாடம் புகட்ட ரிக் சான்டோரமுக்கு வாக்களியுங்கள் என்றது. அழைப்புக்கான செலவு சான்டோரமின் பிரசாரக் குழுவுடையது. ஒரு விஷயத்தை மட்டும் அந்தக் குரல் சொல்லாமல் விட்டது. மோட்டார் ஆலைகளுக்கு அரசு கைகொடுப்பதை சான்டோரமும் எதிர்த்தவர்தான்.

ராம்னி கொதித்தார். டெட்ராய்டில் பிறந்தவர், மிச்சிகன் ஆளுநராக இருந்த ஜார்ஜ் ராம்னியின் மகன். சொந்த மண்ணில், சொந்தக் கட்சியின் தேர்தலில், எதிர்க்கட்சிக்காரர்களை அழைத்து வந்து தன்னைத் தோற்கடிக்கப் பார்ப்பது அழுக்கான தந்திரம் என்றார். ஆனால் 1992இல் மாசசூசெட்ஸில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் பால் சாங்கஸுக்கு வாக்களித்தவர் இதே ராம்னி. அதைப் பற்றி 2007இல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. குடியரசுக் கட்சிப் பக்கம் உண்மையான போட்டி இல்லாத சமயங்களில் அடுத்த கட்சியின் பிரைமரிக்குப் போய், தன் கட்சி வேட்பாளர் எளிதில் வீழ்த்தக்கூடிய பலவீனமான ஆள் யாரோ அவருக்கு வாக்களிப்பது வழக்கம் என்று விளக்கினார்.

இந்த இரட்டை நிலைக்கு ராம்னி ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வில் கட்சி தாண்டி வாக்களிப்பது பற்றிய அறுபது ஆண்டு விவாதமே இப்படித்தான் நடந்திருக்கிறது. தனக்கு வரும் வெளியாள் வாக்கு மக்கள் செல்வாக்கின் அடையாளம். எதிராளிக்குப் போகும் வெளியாள் வாக்கு சதி.

பெரும்பாலான நாடுகளில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைமையோ, சந்தா கட்டும் உறுப்பினர்களோ முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் அந்த அதிகாரம் வாக்காளரிடம் இருக்கிறது. தேர்தலை நடத்துவது மாநில அரசு, விதி வகுப்பது மாநிலச் சட்டமன்றம், பலன் பெறுவது கட்சி. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் அந்தக் கட்சிக்காரர் என்று முன்கூட்டியே பதிவு செய்தவர் மட்டுமே வாக்களிக்க முடியும். நியூ ஹாம்ப்ஷையரில் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டை வாங்கிக்கொள்ளலாம். டெக்சாஸ், மிச்சிகன், விஸ்கான்சின், இந்தியானா, தென் கரோலினா ஆகியவற்றில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. விஸ்கான்சினில் வாக்காளர் எந்தக் கட்சியின் பத்தியில் குறியிட்டார் என்பது மறைப்புக்குள் அவருக்கு மட்டுமே தெரியும். மிச்சிகனில் அதிபர் பிரைமரிக்கு எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பட்டியல் பொது ஆவணம்.

கட்சி தாண்டி வருபவர்களை ஆய்வாளர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையினருக்கு அந்தப் பக்கத்து வேட்பாளரை உண்மையிலேயே பிடித்திருக்கிறது. நவம்பர் பொதுத்தேர்தலிலும் அவருக்கே வாக்களிக்கக்கூடும். இரண்டாம் வகையினர் தங்கள் கட்சி தோற்றால் ஆட்சிக்கு வருபவர் தாங்கிக்கொள்ளக்கூடியவராக இருக்கட்டுமே என்று காப்பீடு எடுக்கிறார்கள். மூன்றாவது வகைதான் ராம்னி 1992இல் செய்தது, எதிரணியின் பலவீனமான வேட்பாளரை ஜெயிக்க வைக்கும் ஊடுருவல். கட்சித் தலைவர்கள் அஞ்சுவதும், நீதிமன்றத்தில் வாதாடுவதும், வானொலியில் முழங்குவதும் இந்த மூன்றாவது வகையைப் பற்றித்தான். ஆனால் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, மூன்றிலும் மிகச் சிறியது அதுதான் என்பதை.

வெளியாள் வாக்கு ஒரு பிரைமரியையே புரட்டிப்போட முடியும் என்பதற்குச் சரியான சாட்சி 2000 பிப்ரவரி 22 அன்றைய மிச்சிகன். மூன்று நாள் முன்புதான் தென் கரோலினாவில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 53க்கு 42 என்ற சதவீதக் கணக்கில் ஜான் மெக்கெய்னை வீழ்த்தியிருந்தார். மிச்சிகனில் புஷ்ஷுக்கு ஆளுநர் ஜான் எங்ளரின் முழு எந்திரமும் பின்னால் நின்றது. தன் மாநிலம் புஷ்ஷுக்குக் காப்புச் சுவராக இருக்கும் என்று எங்ளர் வாக்குக் கொடுத்திருந்தார். மெக்கெய்னுக்குக் கட்சி எந்திரம் எதுவும் இல்லை. சுயேச்சைகளே வாருங்கள், ஜனநாயகக் கட்சியினரே வாருங்கள், லிபர்டேரியன்களே வாருங்கள் என்று அடுக்கி, சைவ உணவுக்காரர்கள் வரைக்கும் வேடிக்கையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் அவர்.

வந்தார்கள். 1996இல் ஐந்தேகால் லட்சம் பேர் வாக்களித்த குடியரசுக் கட்சி பிரைமரியில் இம்முறை சுமார் 12.7 லட்சம் பேர். மெக்கெய்ன் 51 சதவீதம், புஷ் 43. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கருத்துக்கணிப்பின்படி வாக்களித்தவர்களில் தங்களைக் குடியரசுக் கட்சியினர் என்று சொல்லிக்கொண்டவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. அவர்களிடையே புஷ் மூன்றில் இரண்டு பங்கை வாரிக்கொண்டார். சுயேச்சைகளிடமும் ஜனநாயகக் கட்சியினரிடமும் மெக்கெய்ன் பெற்ற பெரும்பான்மை அதை மூழ்கடித்துவிட்டது. ஒரு கட்சியின் தேர்தலில், அந்தக் கட்சியினர் பெருவாரியாக நிராகரித்த ஒருவர் ஜெயித்தார்.

இதில் ஊடுருவல் எவ்வளவு? எங்ளரை அவமானப்படுத்த வேண்டும் என்ற ஆசையில் வந்த ஜனநாயகக் கட்சியினர் இருந்தார்கள், மறுக்க முடியாது. ஆனால் பலவீனமானவரை ஜெயிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் அவர்கள் புஷ்ஷுக்கு அல்லவா வாக்களித்திருக்க வேண்டும்? நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் அல் கோரை எதிர்கொள்ள மெக்கெய்னே வலுவானவர் என்றுதான் அன்றைய கணிப்புகள் பேசின. தங்கள் கட்சிக்கு அதிக ஆபத்தான ஆளுக்கே அவர்கள் வாக்களித்தார்கள். சதிகாரர்கள் அப்படிச் செய்வதில்லை.

புஷ் தரப்பு இந்தத் தோல்வியையே ஆயுதமாக்கியது. மெக்கெய்ன் எதிர்க்கட்சியின் தயவில் ஜெயித்தவர் என்ற ஒற்றை வரி, அடுத்து வந்த மாநிலங்களின் கட்சி வாக்காளர்களிடம் எடுபட்டது. போதாக்குறைக்கு மெக்கெய்னே பிப்ரவரி 28 அன்று வர்ஜீனியாவில் மதவாதப் பிரசாரகர்கள் பாட் ராபர்ட்சனையும் ஜெர்ரி ஃபால்வெலையும் பெயர் சொல்லித் தாக்கினார். சுயேச்சைகள் கைதட்டினார்கள், கட்சியின் அடித்தளம் முகம் திருப்பிக்கொண்டது. மறுநாள் வர்ஜீனியா போனது. மார்ச் 7 அன்று கலிஃபோர்னியாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே அப்போது எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே சீட்டில் போட்டு யாரும் யாருக்கும் வாக்களிக்கலாம் என்ற முறை இருந்தது. ஆனால் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகளைக் கணக்கிடக் குடியரசுக் கட்சியில் பதிந்தவர்களின் வாக்கை மட்டும் தனியே எண்ணினார்கள். வெளியாட்கள் மெக்கெய்னுக்குப் போட்ட வாக்கு காகிதத்தில் இருந்தது, பலனில் இல்லை. பதிந்தவர்களிடையே புஷ் எளிதாக வென்றார். மார்ச் 9 அன்று மெக்கெய்ன் விலகினார்.

கட்சி தாண்டிய வாக்கு ஒருவரைச் சில வாரம் உயிரோடு வைத்திருக்கும், வேட்பாளராக்காது. காரணம் எளிது. சில மாநிலங்கள் திறந்தவை, சில மூடியவை, எல்லாவற்றையும் தாண்டினால்தான் மாநாடு. பிரசார மேலாளர்கள் இதைப் புரிந்துகொண்டுதான் நாள்காட்டியைப் பார்க்கிறார்கள்.

இந்தத் தலைவலியின் தொடக்கம் விஸ்கான்சின். கட்சி முதலாளிகளின் பிடியிலிருந்து வேட்பாளர் தேர்வை விடுவிக்கப் போராடிய ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட்டின் முயற்சியில் 1903இல் அங்கே பிரைமரிச் சட்டம் நிறைவேறியது. யார் எந்தக் கட்சியின் சீட்டில் குறியிட்டார் என்பது ரகசியமாக இருந்தால்தான் கட்சி முதலாளி மிரட்ட முடியாது என்பது அன்றைய நியாயம். 1964இல் அந்தத் திறந்த கதவு வழியே வந்தார் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், இனப் பிரிவினையின் முகம். வடக்கே உள்ள மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கிக் கட்சியை உலுக்கினார். குடியரசுக் கட்சிக்காரர்கள் செய்த வேலை என்று அதை ஒதுக்கிவிடத் தலைவர்கள் விரும்பினார்கள். 1972 மே 16 அன்று மிச்சிகன் பிரைமரியில் அதே வாலஸ் 51 சதவீதம் பெற்று ஜெயித்தார். முந்தைய நாள்தான் மேரிலாந்தில் அவர் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். பள்ளிகளில் இனம் கலக்க மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி வேறு பகுதிக்கு அனுப்பும் நீதிமன்ற உத்தரவுக்கு எதிரான கோபம் அந்த வாக்கில் இருந்தது. வந்தவர்களில் குடியரசுக் கட்சியினரும் உண்டு, ஜனநாயகக் கட்சியின் சொந்தத் தொழிலாளர்களும் உண்டு. முன்னவர்களைக் குற்றம் சொல்வது கட்சிக்கு வசதியாக இருந்தது; பின்னவர்களைப் பார்க்க அது விரும்பவில்லை.

பார்த்திருக்க வேண்டும். 1976 மே 1 அன்று டெக்சாஸ் குடியரசுக் கட்சி பிரைமரியில் ரொனால்ட் ரீகன், பதவியில் இருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்து, 96 பிரதிநிதிகளையும் அள்ளினார். வாலஸின் பயணம் அதற்குள் படுத்துவிட்டது. அவருடைய ஆதரவாளர்கள் போக்கிடம் இல்லாமல் நின்றார்கள். ரீகன் குழு அவர்களைக் குறிவைத்தே ஒரு விளம்பரம் தயாரித்தது. வாழ்நாள் முழுக்க ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்த ஒருவர், இனி வாலஸ் வேட்பாளராக முடியாது, ரீகன் ஆகலாம் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். ஃபோர்டும் சளைக்கவில்லை. சொந்த மாநிலமான மிச்சிகனில் ரயிலேறி ஊர் ஊராகப் போய், ஜனநாயகக் கட்சியினரையும் சுயேச்சைகளையும் தனக்காக வரச் சொன்னார். மே 18 அன்று 65 சதவீதம் பெற்றார். கான்சாஸ் சிட்டி மாநாட்டில் 1,187க்கு 1,070 என்று நூலிழையில் வேட்பாளரும் ஆனார்.

வரலாற்றில் வென்றது டெக்சாஸ் விளம்பரம்தான். அன்று எல்லை தாண்டியவர்களில் ஏராளமானோர் திரும்பிப் போகவில்லை. 1980இல் அவர்களுக்கு ரீகன் ஜனநாயகக் கட்சியினர் என்று பெயர் வந்தது. அடுத்த தலைமுறையில் டெக்சாஸே குடியரசுக் கட்சியின் கோட்டையானது. ஊடுருவல் என்று பார்க்கப்பட்டது உண்மையில் குடிபெயர்வு. கட்சி தாண்டிய வாக்கைப் பற்றி எழுதுபவர்கள் அன்றைய தேர்தலில் யார் ஜெயித்தார் என்று மட்டும் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கட்சியை விட்டு இன்னொரு கட்சிக்குப் போகும் வாக்காளர் முதல் அடியை வைப்பது பெரும்பாலும் பிரைமரியில்தான் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

கட்சிகள் நீதிமன்றத்துக்கும் போயின. நியூயார்க்கில் கட்சி மாற விரும்புபவர் முந்தைய பொதுத்தேர்தலுக்கு முன்பே பதிய வேண்டும் என்ற சட்டம், அதாவது அதிபர் பிரைமரிக்கு எட்டு மாதம் முன்பே, 1973இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று தப்பியது. ஊடுருவலைத் தடுப்பது நியாயமான நோக்கம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமை 1968 மாநாட்டுக் கலவரத்துக்குப் பிறகு கொண்டுவந்த சீர்திருத்தங்களில், வெளிப்படையாகத் தன்னை ஜனநாயகக் கட்சிக்காரர் என்று சொல்பவரே வாக்களிக்கலாம் என்றது. விஸ்கான்சின் மறுத்தது. வழக்கு 1981இல் முடிந்தபோது மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக வாதியாக நின்றவர் பிரான்சன் லா ஃபாலெட், பழைய ராபர்ட் லா ஃபாலெட்டின் பேரன். தாத்தாவின் சட்டத்துக்காகப் பேரன் நடத்திய வழக்கு தோற்றது. திறந்த பிரைமரி நடத்த மாநிலத்துக்கு உரிமை உண்டு, ஆனால் அதன் முடிவுப்படி பிரதிநிதிகளை மாநாட்டில் அமர்த்தும்படி கட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது தீர்ப்பு.

விளைவு 1984இல் தெரிந்தது. விஸ்கான்சின் ஜனநாயகக் கட்சி இரண்டு தேர்தல் நடத்தியது. எல்லோரும் வாக்களித்த பிரைமரியில் கேரி ஹார்ட் வென்றார், ஆனால் அது வெறும் அழகிப் போட்டி. சில நாளில் கட்சிக்காரர்கள் மட்டும் கூடிய காகஸில் வால்டர் மாண்டேல் வென்றார், பிரதிநிதிகள் அவருக்கே. பிற்பாடு கட்சி இறங்கி வந்து விஸ்கான்சினுக்கு விலக்கு அளித்தது. 2000 ஜூனில் கலிஃபோர்னியாவின் ஒரே சீட்டு முறையையும் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று ரத்து செய்தது. யாருடன் சேர்ந்து நிற்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கட்சிக்கு உண்டு என்பதுதான் அடிப்படை. சட்டத்தில் இது வலுவான வாதம். தேர்தல் செலவைப் பொதுமக்கள் வரிப்பணம் ஏற்கிறதே என்ற எதிர்வாதத்துக்கு முழுப் பதில் இன்னும் யாரும் தரவில்லை.

ஊடுருவலின் மிகப் பெரிய பரிசோதனை 2008. அந்த ஆண்டு ஜனவரியில் இடதுசாரி இணைய எழுத்தாளர் மார்க்கோஸ் மொலிட்சாஸ், மிச்சிகன் ஜனநாயகக் கட்சியினரை ராம்னிக்கு வாக்களிக்கச் சொன்னார். குடியரசுக் கட்சிச் சண்டை நீளட்டும் என்பது திட்டம். ராம்னி ஜெயித்தார், ஒன்பது புள்ளி இடைவெளியில். ஆனால் அந்த பிரைமரிக்கு வந்த ஜனநாயகக் கட்சியினரே நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். மார்ச்சில் அதே மருந்தை வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா எதிர்ப்பக்கம் திருப்பினார். மெக்கெய்ன் வேட்பாளராவது மார்ச் 4 அன்று உறுதியாகிவிட்டது. ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் பின்தங்கியிருக்கும் கிளிண்டனுக்குக் குடியரசுக் கட்சியினர் வாக்களிக்க வேண்டும் என்றார். ஆபரேஷன் கேயாஸ் என்று பெயரும் சூட்டினார். லட்சக்கணக்கான நேயர்கள் தினமும் கேட்கும் நிகழ்ச்சி அது. இதைவிடப் பெரிய ஒலிபெருக்கி ஓர் ஊடுருவலுக்குக் கிடைக்க வாய்ப்பில்லை.

மே 6 அன்று இந்தியானாவில் கிளிண்டன் ஜெயித்தார். வித்தியாசம் சுமார் 14,000 வாக்குகள், மொத்தம் பதிவானது ஏறத்தாழ 12.8 லட்சம். லிம்பா வெற்றிக்கு உரிமை கொண்டாடினார். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். வாசல் கணிப்பின்படி வாக்களித்தவர்களில் பத்தில் ஒருவர் குடியரசுக் கட்சிக்காரர். அவர்களில் ஏறக்குறைய 54 சதவீதம் கிளிண்டனுக்கு, மீதி ஒபாமாவுக்கு. அதாவது சுமார் 1.28 லட்சம் பேரில் கிளிண்டனுக்கு நிகர லாபம் பத்தாயிரம் சொச்சம். அந்தப் பத்தாயிரமும் லிம்பாவின் படை என்றே வைத்துக்கொண்டாலும் 14,000ஐ எட்டவில்லை. இத்தகைய கணிப்புகளில் பிழை வரம்பு உண்டு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும், இருந்தாலும் படம் தெளிவாகவே தெரிகிறது. மார்ச் 4 அன்று டெக்சாஸில் வந்த குடியரசுக் கட்சியினர் இருவருக்கும் ஏறத்தாழச் சமமாகவே பிரிந்தார்கள். மிசிசிப்பியில் நாலில் மூவர் கிளிண்டனுக்குப் போனது உண்மை. அங்கே ஒபாமா வெகு எளிதாக வென்றார் என்பதும் உண்மை. பிப்ரவரியில், லிம்பா வாய் திறப்பதற்கு முன், விஸ்கான்சினில் கட்சி தாண்டியவர்கள் பெருவாரியாக ஒபாமாவுக்கே வாக்களித்திருந்தார்கள். உங்களைத்தான் ஆதரிக்கிறேன் என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் தன் காதில் வந்து கிசுகிசுப்பதாகவும், ஏன் கிசுகிசுக்கிறோம் என்று தானும் கிசுகிசுப்பாகவே கேட்பதாகவும் ஒபாமா கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

சட்டம் இதைத் தடுக்குமா என்றால், இந்தியானாவில் விதி இருக்கத்தான் செய்கிறது. கடந்த பொதுத்தேர்தலில் அந்தக் கட்சியின் பெரும்பாலான வேட்பாளர்களுக்கு வாக்களித்திருக்க வேண்டும், அல்லது வரும் தேர்தலில் வாக்களிக்க எண்ணியிருக்க வேண்டும். மறைப்புக்குள் போட்ட வாக்கையும் மனசுக்குள் இருக்கும் எண்ணத்தையும் யார் சரிபார்ப்பது? ஒஹாயோவில் கையெழுத்திட்டுக் கட்சி மாறியவர்களை விசாரிக்கலாமா என்று குயஹோகா மாவட்டத் தேர்தல் வாரியம் யோசித்தது. யோசித்ததோடு சரி.

கேயாஸின் உண்மையான விளைவு வேறு இடத்தில் விழுந்தது. பிரைமரி மே வரை நீண்டதால் ஒபாமாவின் ஆட்கள் இந்தியானாவின் மூலைமுடுக்கெல்லாம் அலுவலகம் திறந்தார்கள், பெயர் பதிந்தார்கள், தொண்டர் பட்டியல் தயாரித்தார்கள். நவம்பரில் அந்த மாநிலம் ஒபாமாவுக்குப் போனது. 1964க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி அங்கே ஜெயித்தது அதுவே முதல் முறை.

ஊடுருவல் ஏன் திரும்பத் திரும்பச் சொதப்புகிறது? முதலாவதாக, சொந்தக் கட்சியில் போட்டி இல்லாத ஆண்டில்தான் அதற்கு ஆள் கிடைக்கும். 2012இல் ஒபாமாவுக்கு வலுவான எதிர்ப்பு இல்லை, 2020இல் டிரம்புக்கு இல்லை. அப்போதும் பிரைமரி நாளில் வேலையை விட்டு, வரிசையில் நின்று, பிடிக்காத ஒருவருக்குக் குறியிட வேண்டும். அதே சீட்டில் சொந்த ஊர் நீதிபதிக்கும் ஷெரீஃபுக்கும் போட்டி இருந்தால் அதை இழக்க வேண்டும். சராசரி வாக்காளர் தன் வாக்கையே போடச் சோம்பும் நாட்டில் இது பெரிய கோரிக்கை. 2012 மிச்சிகனில் அத்தனை தொலைபேசி அழைப்புக்குப் பிறகும் வந்த ஜனநாயகக் கட்சியினர் நூற்றுக்கு ஒன்பது பேர். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் சான்டோரமுக்கு. ராம்னி 41க்கு 38 என்று ஜெயித்தார்.

இன்னொன்று, பலவீனமானவர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்வது யாராலும் முடியாத காரியம். 1980இல் ஜிம்மி கார்ட்டரின் ஆலோசகர்கள் ரீகன்தான் எதிரே வர வேண்டும் என்று விரும்பினார்கள். 2015 ஏப்ரலில் ஹிலாரி கிளிண்டனின் குழு எழுதிய குறிப்பு ஒன்று பிற்பாடு விக்கிலீக்ஸில் வெளியானது. டெட் குரூஸ், டொனால்ட் டிரம்ப், பென் கார்சன் போன்றோரை ஊடகங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. எலிகளைக் குழல் ஊதி அழைத்துப்போன கதையின் நாயகன் பெயரையே அவர்களுக்குச் சூட்டியிருந்தார்கள். டிரம்ப் எப்படி ஜெயித்தார் என்பதற்கு அந்தக் குறிப்பு காரணம் ஆகாது. அதை எழுதியவர்களின் மதிப்பீடு எவ்வளவு தூரம் தப்பியது என்பதற்கு ஆதாரம் ஆகும்.

வாக்காளரை எல்லை தாண்ட வைப்பதைவிடப் பணத்தை எல்லை தாண்ட வைப்பது எளிது என்பதைத் தேர்ந்த வியூகக்காரர்கள் கண்டுகொண்டுவிட்டார்கள். 2012இல் மிசூரி செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில் சுமார் 17 லட்சம் டாலர் செலவழித்து, எதிர்க்கட்சி பிரைமரியில் போட்டியிட்ட டாட் ஏகினை அளவுக்கு மீறிய பழமைவாதி என்று விளம்பரப்படுத்தினார். வசைபோல் ஒலிக்கும் அந்த வரி குடியரசுக் கட்சி வாக்காளர் காதில் பாராட்டாக விழும் என்பது கணக்கு. ஏகின் வேட்பாளரானார், பலாத்காரம் பற்றிய பேச்சால் தானே குழியில் விழுந்தார், மெக்காஸ்கில் ஜெயித்தார். எதிர்க்கட்சியின் சொந்த வாக்காளர்களைக் கொண்டே அதன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இந்த வித்தையை எந்த மூடிய பிரைமரியும் தடுக்காது.

2024இல் பழைய குற்றச்சாட்டு புது உருவில் வந்தது. நியூ ஹாம்ப்ஷையரில் தன் கட்சிப் போட்டியாளர் நிக்கி ஹேலி ஜனநாயகக் கட்சியினரின் ஊடுருவலை நம்பி நிற்கிறார் என்று டிரம்ப் கூட்டங்களில் முழங்கினார். அந்த மாநிலச் சட்டப்படி ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர் குடியரசுக் கட்சிச் சீட்டை வாங்கவே முடியாது. மாறுவதற்கான கடைசி நாள் 2023 அக்டோபர் 6. அதற்குள் மாறியவர்கள் சுமார் நாலாயிரம் பேர். ஜனவரி 23 அன்று மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்கு பதிவாகி, டிரம்ப் 54, ஹேலி 43 என்று முடிந்தது. ஹேலிக்கு வாக்களித்தவர்களில் பெரும்பகுதி எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள், அவர்களுக்கு அந்த உரிமை பல காலமாக இருக்கிறது. அடுத்த மாதம் தென் கரோலினாவில், அவர் இருமுறை ஆளுநராக ஜெயித்த மாநிலத்தில், டிரம்ப் 60 சதவீதத்தை நெருங்கினார். கதவு முழுக்கத் திறந்திருந்தும் ஹேலியைக் காப்பாற்றப் போதுமான வெளியாட்கள் வரவில்லை.

மார்ச் 6 அன்று ஹேலி விலகினார். ஏப்ரல் 23 அன்று பென்சில்வேனியா பிரைமரியில், பதிந்த குடியரசுக் கட்சியினர் மட்டுமே வாக்களிக்கக்கூடிய இடத்தில், களத்தில் இல்லாத அவருக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது, பதினாறு சதவீதத்துக்கு மேல். இவர்களில் சிலர் முன்கூட்டியே கட்சி மாறிப் பதிந்தவர்களாக இருக்கலாம். எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கட்சிக்குள் இருக்கும் அதிருப்தியை வெளியாட்களின் தலையில் கட்டும் பழக்கம் 1964இல் ஜனநாயகக் கட்சிக்கு இருந்தது, 2024இல் குடியரசுக் கட்சிக்கு இருந்தது.

ஆனாலும் சட்டங்கள் ஊடுருவல் பயத்தின் பேரிலேயே இறுகுகின்றன. டென்னசியில் 2023 முதல் வாக்குச்சாவடி வாசலில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்: அந்தக் கட்சியின் உண்மையான உறுப்பினராக இல்லாமல் பிரைமரியில் வாக்களிப்பது குற்றம். உண்மையான உறுப்பினர் யார் என்று சட்டம் சொல்லவில்லை. வயோமிங்கில் 2022இல் டிரம்பை எதிர்த்த குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் லிஸ் செனியைக் காப்பாற்ற ஜனநாயகக் கட்சியினர் கட்சி மாறிப் பதிந்தார்கள். அப்படியும் அவர் 29 சதவீதத்தில் படுதோல்வி அடைந்தார். எதையும் மாற்றாத அந்தக் கட்சி மாறலைத் தடுக்க அடுத்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது.

இந்த வேலிகளுக்கு வெளியே நிற்பவர்கள் யார்? 2016 ஏப்ரலில் நியூயார்க் பிரைமரியில் வாக்களிக்க முடியாமல் போனவர்களில் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் உண்டு. குடியரசுக் கட்சிக்காரர்களாகப் பதிவதற்கான கடைசி நாள் முந்தைய ஆண்டு அக்டோபர் 9, தவறவிட்டுவிட்டார்கள். அந்தப் பிரைமரி நாளில் எந்தக் கட்சியிலும் சேராத வாக்காளர்கள் லட்சக்கணக்கானோர் வீட்டில் இருந்தார்கள். அந்தப் பழைய கெடு 2019இல்தான் பிப்ரவரி 14க்குத் தள்ளப்பட்டது. கேலப் நிறுவனத்தின் 2023 கணக்கெடுப்பில் அமெரிக்கர்களில் 43 சதவீதம் பேர் தங்களைச் சுயேச்சைகள் என்று சொன்னார்கள். இரண்டு கட்சியையும் தனித்தனியே எடுத்தால் எதுவும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, மான்டானா, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களில், எல்லா வாக்காளர்களுக்கும் பிரைமரியைத் திறந்துவிடும் முன்மொழிவுகள் வாக்கெடுப்புக்கு வந்தன. அதிபர் பிரைமரியை அவை தொடவில்லை, மாநிலப் பதவிகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மட்டுமானவை. ஐந்து இடத்திலும் தோற்றன. நெவாடாவில் அந்த முன்மொழிவை இரு கட்சித் தலைமைகளும் எதிர்த்தன.